தண்ணீர் மணியில் ஒரு பிழை

ஜெசி மின்சுற்றுப் படத்தைப் படிக்க மாட்டாள். அதற்குள் இறங்கி நடப்பாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் அவள் உதவியாளர். மாதம் பிறந்ததும் தபாலில் வரும் மின்னணு இதழை டவுன் பஸ்ஸில் விரித்தால், கொஞ்ச நேரத்தில் அவளே மின்சாரமாகிவிடுவாள். பிளக் வழியாக நுழைந்து, டயோடில் ஒருவழிப் பாதைக்குக் கட்டுப்பட்டு, கெப்பாசிட்டரில் சற்றே இளைப்பாறி, பையப் போய் எல்.இ.டி.யில் சிவப்பாக மலர்வாள். ஆற்றுப்பாலம் கடந்துபோனது தெரியாது. இறங்குமிடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்த நாள்கள் எத்தனையோ.

படம் தப்பாக இருந்தால்தான் கனவு கலையும். எங்கேயோ வழி அடைத்து நெஞ்சு முட்டும். அன்றைக்கே இதழாசிரியருக்கு ஒரு கார்டு போகும். ‘பக்கம் 22: இந்த ரெசிஸ்டர் மூன்றாம் நாள் கருகும்.’ ‘பக்கம் 31: டிரான்சிஸ்டரின் கால்கள் இடம் மாறியிருக்கின்றன, எழுதியவர் இதைச் செய்தே பார்க்கவில்லை.’ ஒன்பது வருஷமாக இதே வேலை. அச்சில் வந்தவை இரண்டே இரண்டு. ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்று அவளும் விடவில்லை.

இந்த முறை வந்திருந்தது ‘தண்ணீர் மணி’. தொட்டி நிறைந்ததும் ஒலிக்கும் மணி. ஜெசி வழக்கம்போல உள்ளே நுழைந்தாள். வீட்டு மின்சாரத்தை மட்டுப்படுத்தி அனுப்பும் டிரான்ஸ்பார்மர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. தடுக்க ஆளில்லாத வீட்டுக்குள் போவதுபோல் போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் காலில் சில்லென்று தண்ணீர் பட்டது. தொட்டித் தண்ணீர். அதில் ஆகாயம் அசைந்தது; யாரோ வாளியோடு வரும் சத்தம் கேட்டது. இதழைப் பட்டென்று மூடினாள்.

ஆசிரியருக்குப் போன் செய்தாள். “அடுத்த மாசம் திருத்தம் போட்டுருவோம் மேடம்” என்றார். அதுவரை தண்ணீரில் கை வைக்காமல் யார் இருப்பார்கள்? படத்தின் கீழே பெயர் இருந்தது: குமரவேல், வீரவநல்லூர். அந்த ஒரு வீட்டிலாவது இது கட்டாயம் ஓடிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை காலை செங்கோட்டை ரயிலில் ஏறிவிட்டாள்.

குமரவேல் ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் எழுத்தர். வாசகி தேடி வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. “ஞானம், இங்கன வந்து பாரு!” என்று மனைவியை அழைத்தபடியே பின்கட்டுத் தொட்டிக்குக் கூட்டிப்போனார். ஜெசி விஷயத்தைச் சொன்னதும் முகம் சுண்டிவிட்டது.

“எட்டு மாசமா ஓடுது. ஒரு ஈ எறும்பு செத்திருக்கா?”

“பிளக்க ராத்திரி கழட்டி வைப்பியளா அண்ணாச்சி?”

“பின்ன? கரண்டு வீணாகாதா?”

ஜெசி டெஸ்டரின் நுனியைத் தண்ணீரில் வைத்தாள். அதன் விளக்கு எரியவில்லை. குமரவேல் சிரித்தார். அவள் அந்த இரண்டு முனை பிளக்கைக் கழற்றி, திருப்பி மாட்டினாள். மறுபடி டெஸ்டரை வைத்தாள். தண்ணீருக்கு மேல் செக்கச்செவேலென்று எரிந்தது.

“ஒரு நாள் அப்படி மாட்டுவிய, ஒரு நாள் இப்படி. இப்படி மாட்டுனா கரண்டு நேரா தண்ணிக்கு வருது. இப்படி மாட்டுன நாள்லயும் கால்ல செருப்பு இருந்ததால உசுரு தப்பியிருக்கு.”

குமரவேலுக்குச் சிரிப்பு நின்றது. ஞானம்பாள் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பேசினாள்.

“என்னங்க, சில நாளு தொட்டில கைய வச்சா விறுவிறுங்குன்னு சொன்னேன்லா? சர்க்கரையா இருக்கும்னிய. ரெத்தம் சோதிச்சு ஒண்ணுமில்லன்னாவ. அப்பவும், எதுக்கும் இனிப்ப நிப்பாட்டுன்னிய. நிப்பாட்டுனேன். பேரன் பொறந்தப்போ அவன் நாக்குல சீனித்தண்ணி தொட்டு வச்ச வெரலக்கூட வாயில வைக்காமக் கழுவுனேன்.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் ஜெசியைக் குத்தியது.

குமரவேல் பிளக்கைப் பிடுங்கினார். தொட்டியிலிருந்து வயரை உருவிச் சுருட்டி மண்ணில் போட்டார். மனைவி பக்கம் திரும்பியபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“சீனித்தண்ணி தொட்டது எந்த வெரலு?” என்று கேட்டார்.

ஞானம்பாள் யோசிக்காமல் வலது கை மோதிர விரலை நீட்டினாள்.