சரக்கில்லாத நகைக்கடையும் சார்ஜா போனும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் வீட்டு டெலிபோன் அடித்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தால் அது எங்களுக்கு வந்ததல்ல. அமரவிளையில் எங்கள் வரிசையில் மொத்தம் ஏழு வீடுகள். டெலிபோன் இருப்பது எங்களிடம் மட்டும். மற்ற ஆறு வீட்டுக்கும் நாங்கள்தான் பி.பி. நம்பர். வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை அல்லவா? அன்றைக்கு மணி அடித்தால் எடுத்து, யார் என்று கேட்டு, வேலி ஓரம் போய் நின்று உரிய ஆளைக் கூப்பிட வேண்டியது என் பொறுப்பு. சர்வே ஆபீசில் முப்பத்தோரு வருடம் நிலம் அளந்து ரிட்டயரானவனுக்குக் கிடைத்த இரண்டாவது உத்தியோகம்... சம்பளம் கிடையாது.

பேசியது சசி. அடுத்த வீட்டு லதாவின் கணவன். சார்ஜாவில் ஸ்டோர்கீப்பர். எப்போதும் “சாரே, சுகந்தானே?” என்றுதான் ஆரம்பிப்பான். அன்றைக்கு அது இல்லை.

“சாரே, லதாவுக்க மாலைய வித்துக் குடுத்தது நீங்களா?”

எந்த மாலை? யார் விற்றது? எனக்குப் பிரஷர் மாத்திரை நாளொன்றுக்கு இரண்டு. அன்றைக்கு மூன்றாவதற்குக் கை போனது.

நடந்தது இதுதான். என் மருமகள் பிந்து பி.காம். படித்தவள். நெய்யாற்றின்கரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்தாள். முடித்த கையோடு, “மாமா, நான் ஒரு நகைக்கடை தொடங்கப் போறேன்” என்றாள்.

கடை எங்கே? இன்டர்நெட்டில். நகை எங்கே? அது கிடையாது.

சரக்கே இல்லாமல் என்ன கடை என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவள் பொறுமையாக விளக்கினாள். நாட்டியம் ஆடுகிறவர்கள் போடும் நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், மாங்காய் மாலை இதெல்லாம் வடசேரி ஆசாரிமார் செய்கிறார்கள். வெளிநாட்டு டான்ஸ் டீச்சர்கள் இவற்றுக்கு எங்கெங்கோ அலைகிறார்கள். நாம் படத்தை மட்டும் இன்டர்நெட்டில் போட வேண்டும். ஆர்டர் ஈமெயிலில் வரும். வடசேரிக்குச் சொன்னால் பத்து நாளில் செய்து, அங்கிருந்தே பார்சல் போட்டுவிடுவார்கள். நம் கைக்கு ஒரு திருகாணி கூட வராது. வராத பொருள் தொலையாது, திருடு போகாது.

எனக்குப் பதினோரு சந்தேகங்கள் இருந்தன. ஒன்பதுக்குப் பதில் சொன்னாள். மிச்சம் இரண்டுக்கு, “பாத்துக்கிடலாம் மாமா” என்றுவிட்டாள்.

அந்த இரண்டில் ஒன்று — படம் எடுக்கவாவது நகை வேண்டாமா?

வடசேரியில் படம் பிடிக்க முடியவில்லை. அங்கே வேலை அப்படி. செய்து முடித்த நகை அன்றைக்கே பெட்டிக்குள் போய்விடுகிறது. காட்டுவதற்கென்று எதையும் நிறுத்தி வைப்பதில்லை.

பிந்து அதற்கும் வழி கண்டுபிடித்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் நாலு வீட்டு நகை அங்கே போகும். போட்டுக்கொண்டு நின்று, மறுநாள் மஞ்சள் துணியில் முடிந்து திருப்பிக் கொடுப்பார்கள். சர்க்கரை இரவல் வாங்குவதற்குக் கூட இங்கே இதைவிடக் கூச்சப்படுவார்கள். அதே வழக்கப்படி ஆறு வீட்டிலும் கேட்டு வாங்கினாள். டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு நெய்யாற்றின்கரை பிரௌசிங் சென்டருக்குப் போனாள். நானும் காவலுக்குப் போனேன். ஸ்கேனர் கண்ணாடி மேல் நகையைப் பரப்பி, அதன்மேல் கறுப்புத் துணியை மூடி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது. இரண்டு முறையும் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன்.

அதில் ஒன்றுதான் லதாவின் கல்யாண மாங்காய் மாலை. அசல் பொன். அதே அமைப்பில் வெள்ளியில் செய்து முலாம் பூசித் தர வடசேரியில் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் விவரம் எழுதும் வேலை எனக்கு. 'அழகான மாங்காய் மாலை' என்று எழுதினால் போதும் என்றாள். அழகு என்பது ஒரு அளவா? நான் எண்ணினேன். முப்பத்து மூன்று மாங்காய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கல். நடுவிலிருந்து இடது பக்கம் நாலாவது மாங்காயில் மட்டும் கல் இல்லை, வெறும் குழி. அதையும் எழுதினேன். மறைக்கலாமா?

“மாமா, செய்து வாறது புதுசாக்கும். அதுல கல்லு உண்டு. இத எழுதண்டாம்.”

படத்தில் இருப்பதைச் சொல்லாவிட்டால் நாளைக்குக் கேஸ் வரும் என்றேன். அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் விட்டுக்கொடுத்தாள். மருமகள்கள் வாதத்தில் தோற்பதில்லை — அலுத்துப்போகிறார்கள். நாம் ஜெயித்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

கடை திறந்தது. அதன் முகவரியைச் சின்னச் சின்னக் காகிதத்தில் எழுதி, வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் பிந்து கொடுத்தாள், கடிதத்தில் வைத்து அனுப்பச் சொல்லி. பாறசாலையிலிருந்து போன ஒரு காகிதம், சசியோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன் கையில் கிடைத்தது. அவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து, ஊர்க்காரர் கடை என்று பெருமையாக நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். நாலாவது ஆள் சசி.

மாலையைப் பார்த்தான். விவரத்தைப் படித்தான். இடது பக்கம் நாலாவது மாங்காயில் கல் இல்லை.

அந்தக் கல் விழுந்தது அவர்களுடைய கல்யாணச் சாப்பாட்டில். மாப்பிள்ளை வேட்டியோடு பந்திக்குக் கீழே குனிந்து இலை இலையாகத் தேடியவன் அவன்தானாம். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? போதாக்குறைக்குப் படத்தின் கீழே எங்கள் டெலிபோன் நம்பரும் ஒரு விலையும் இருந்தன. முலாம் மாலைக்கான விலை. பொன் மாலையை இந்த விலைக்கா கொடுத்தாள் என்று அதில் வேறு நெஞ்செரிச்சல்.

அவன் சந்தேகப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. புது வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று, எப்படியோ சமாளித்துவிட்டேன் என்று லதா முந்தின மாதம் எழுதியிருந்தாள். அந்த மாதம் அவன் பணம் அனுப்பவில்லை. சமாளித்தது சீட்டு எடுத்து. அதை எழுத மறந்துவிட்டாள்.

லதாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு ஓடி வந்தாள். டெலிபோனுக்கும் என் நாற்காலிக்கும் மூன்றடி தூரம். கேட்காமல் இருக்க முடியுமா? அவன் பேசப் பேச அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், “நான் வித்தேன்னா சொல்லுதிய?” என்று மட்டும் கேட்டாள். ரிசீவரை வைத்துவிட்டாள்.

பிந்து பயந்துபோனாள். ஆனால் புத்திசாலி. மாலையை எடு அக்கா, இன்றைய பேப்பர் மேல் வைத்து ஸ்கேன் செய்வோம், தேதி தெரிகிற மாதிரி, மத்தியானத்துக்குள் சார்ஜாவுக்கு அனுப்பிவிடலாம் என்றாள். எனக்கும் அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. கோர்ட்டே ஒத்துக்கொள்ளும்.

லதா ஒத்துக்கொள்ளவில்லை.

“பேப்பருக்க மேல வச்சுக் காட்டணுமா? நான் என்ன கள்ளியா?” என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, “கல்லு போன மாங்காய அவியளுக்குச் சார்ஜாவுல இருந்தே அடையாளம் தெரிஞ்சுது, சாரே. ஒம்பது வருசம் ஆச்சு, என்னைத் தெரியல்ல” என்றாள்.

மாலை அலமாரியில் இருக்கிறது என்று யாரும் அவனிடம் சொல்லக் கூடாது. லீவில் வரும்போது அவனே திறந்து பார்த்துக்கொள்ளட்டும். அதுவரை போன் வந்தால் அவள் வீட்டில் இல்லை. இது உத்தரவு.

லீவுக்கு இன்னும் ஏழு மாதம். ஏழு மாதத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை? முப்பது! முப்பது பொய்யை இந்த வயதில் நான் எங்கிருந்து எடுப்பேன்?

முதல் வெள்ளி, கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அடுத்த வெள்ளி, பாங்குக்கு என்றேன். நடுவில் ஆறு நாளும் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிந்து கடையையே மூடிவிடுகிறேன் என்று ஆரம்பித்தாள். யோசித்துப் பார்த்தேன். தப்பு அவளுடையதா? 'அழகான மாங்காய் மாலை' என்று விட்டிருந்தால் உலகத்தில் எத்தனையோ மாங்காய் மாலை. நாலாவது மாங்காயைத் தேடிப் பிடித்து எழுதியது யார்?

மூன்றாவது வெள்ளி போன் வந்தது. அவன் வாயைத் திறக்கும் முன்பே நான் முந்திக்கொண்டேன். எண்ணியது நான், எழுதியது நான், குடும்பத்தைக் கெடுத்ததும் நான்தான், அந்த மாலை இப்போது...

“வேண்டாம் சாரே” என்று குறுக்கே விழுந்தான் சசி. “மாலை உண்டா இல்லியான்னு எனக்குச் சொல்லண்டாம். வித்திருந்தாலும் அது அவளுக்க மாலையாக்கும். நான் அப்பிடிக் கேட்டிருக்கப்பிடாது. அத மட்டும் அவகிட்ட சொல்லுங்க.”

ரிசீவரை மேஜையில் கிடத்திவிட்டு வேலிக்குப் போனேன். ஓடினேன் என்று எழுதினால் மனைவி நம்பமாட்டாள். லதா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைச் சொல் மாறாமல் சொன்னேன்.

“அப்பிடியா சொன்னாவ?” என்றாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். பாரையில் குத்திய தேங்காயை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

இந்த முறை நான் முற்றத்துக்குப் போய்விட்டேன். இருபத்திரண்டு நிமிடம். முதல் ஆறு நிமிடம் அவன் பேசினான் போலிருக்கிறது. அப்புறம் அவள் அவனைத் திட்டும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சிரிப்பு. எனக்கு அன்றைக்கு மாத்திரை ஒன்றே போதுமாக இருந்தது.

கடை நடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஒரு டீச்சர் ஐந்து ஒட்டியாணம் கேட்டிருக்கிறார். லதாவின் மாலைப் படத்தை எடுத்துவிடலாமா என்று பிந்து கேட்டதற்கு, அது அங்கேயே கிடக்கட்டும் என்று லதாவே சொல்லிவிட்டாள். என் விவரம்தான் போயிற்று. இப்போது 'அழகான மாங்காய் மாலை'.

பக்கத்தின் அடியில் பிந்து புதிதாக ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறாள்: படத்தில் உள்ள நகைகள் விற்பனைக்கு அல்ல, அவற்றைப் போலச் செய்து தரப்படும். நல்ல குறிப்பு. அதற்கு மேலே 'கணவன்மார்கள் கவனிக்கவும்' என்று இரண்டே இரண்டு வார்த்தை சேர்க்கச் சொன்னேன்.

இடம் இல்லை என்கிறாள். இன்டர்நெட்டில்!