அவளுக்குப் பத்து வரி

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அறிவியல் நாவல் அது. அட்டை கிழிந்து எழுதியவர் பெயரும் போயிருந்தது. தூர கிரகத்துக்குப் போகும் கப்பலில் ஒரு மெக்கானிக், தொல்லை தாங்காமல் எச்சரிக்கை மணி ஒன்றை அணைத்து வைக்கிறான். அடுத்துக் காவலுக்கு வந்தவளுக்கு அது தெரியாது. காற்று கசிந்து இரண்டு பேர் சாகிறார்கள். பழி அவள் மேல் விழுகிறது. அவன் வாயைத் திறக்காமல் முந்நூறு பக்கம் உள்ளுக்குள் வெந்து சாகிறான். கிரகத்தில் இறங்கியதும் கதை சப்பென்று போய்விடுகிறது. எனக்கென்ன கிரகம், எனக்கு அவன்தான் வேண்டியிருந்தது.

காரணம் இருந்தது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் என் அறைத் தோழன் திருமங்கலத்துக்காரன். கம்பெனியில் இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தும் பிரஸ் ஷாப்பில் எங்களுக்கு ஒரே மெஷின், என் ஷிப்ட் முடிந்தால் அவன் ஷிப்ட். இரண்டு பட்டனையும் இரண்டு கையால் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாதென்று அந்த ஏற்பாடு. டார்கெட் முடிக்க நாங்கள் இடது பட்டனில் தீக்குச்சியைச் செருகி, அமுங்கியபடியே நிறுத்திவிடுவோம். ஒரு மத்தியானம் அதை எடுக்க மறந்து கை கழுவப் போய்விட்டேன். அவன் வந்து, நகர்ந்த தகட்டை இடது கையால் சரிசெய்யும்போது வலது கை மற்ற பட்டனில் பட்டது. அலறல் கேட்டு எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நான் மெஷினிடம் ஓடிக் குச்சியைப் பிடுங்கினேன். மூன்று விரல் போனது அவன் கவனக்குறைவால் என்று சூப்பர்வைசர் எழுதினார். தன் இடது முழங்கை பட்டனில் பட்டிருக்கும் என்று அவனும் நம்பிக் கையெழுத்துப் போட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனிடம், பொழுது போகட்டும் என்று புத்தகத்தைக் கொடுத்தேன். உண்மையில் அது என் நப்பாசை. மெக்கானிக் மேல் அவனுக்கு இரக்கம் வந்தால் நானும் பிழைத்துக்கொள்வேன். நாலே நாளில் முடித்துவிட்டான்.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“நல்லாத்தான் எழுதியிருக்கான் மாப்ள. ஆனா அந்த மெக்கானிக்கையே கட்டிப் பிடிச்சு அழுதுக்கிட்டிருக்கான். அந்தப் பொம்பளைக்கு மொத்தமே பத்து வரிதான். நாமதான் ரெண்டு பேரக் கொன்னுட்டோம்னு அவ சாகுற வரைக்கும் நெனச்சுக்கிட்டே கெடப்பாள்ல? அத யாரு எழுதுறது?”

“அவனும் பாவந்தானே?”

“பாவந்தான். அவனுக்கு என்ன நடந்துச்சுன்னாவது தெரியும்ல.”

இனி தாங்காது என்று தீக்குச்சியைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

“எங்கப்பா எங்கிட்டப் பேசுறதே இல்ல மாப்ள,” என்றான். “வேலைக்குப் போன எடத்துல கவனமில்லாம கைய விட்டுட்டு வந்து நிக்கிறியேன்னு ஒரே ஒரு தடவ கேட்டாரு. நீ ஊருக்கு வந்து அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லிரு. போதும்.”

வருகிறேன் என்றேன். அடுத்த வாரம் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். பஸ் ஏற்றிவிடும்போது மறுபடி கேட்டான். கட்டாயம் வருகிறேன் என்றேன்.

லீவு கிடைக்கவில்லை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீபாவளிக்கு நாலு நாள் லீவு விட்டார்கள். நான் அறையிலேயே படுத்துக் கிடந்தேன்.