ரோசலின் அக்காவின் வலக்காது

பல்லுக்கு அச்செடுக்கிறவரை ஊருக்கே தெரியும், காதுக்கு அச்செடுக்கிற என்னை, கொழும்பு வெள்ளவத்தையில் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. காதுக்குள் பசையை விட்டு, இறுகியதும் வெளியில் எடுத்து, அந்த அளவுக்குக் கேட்கும் கருவிக்கு அச்சு செய்வது என்ர வேலை. நாள் முழுக்க ஆட்களோட மாரடிக்கிறவையள், இதைக் கொஞ்சம் கேளுங்கோ.

மரியாதைக்கு விட்ட எண்ணெய்

ரோசலின் அக்கா முகத்துவாரத்தில் மீன் விற்கிறவ. இடக்காது அறவே கேளாது. வலக்காதில் சின்ன வயசிலிருந்தே சீழ். கோயில் பாட்டுக்குழுவில் முப்பது வருசம் பாடினவவை, சுருதி பிசகுது என்று பாட்டுக்குழுவை நடத்துற சிசிலியா டீச்சர் பின்வரிசைக்கு அனுப்பி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லிப்போட்டா. அடுத்த திருவிழாவுக்கு முன்வரிசையில் நிற்கவேணும், அக்காவுக்கு அதுதான் ஒரே ஆசை.

நடுக்காதுச் சீழ் வழிஞ்சு வழிஞ்சு வெளிப்பாதைத் தோலும் வீங்கி, ஓட்டை ஈர்க்கு நுழையிற அளவாகியிருந்தது. போதாததுக்கு என்னட்ட வந்த அன்று காலமை சட்டை ஊசியால் குடைஞ்சு, எண்ணெயும் விட்டிருக்கிறா. ஏன் அக்கா என்று கத்தினேன். "பின்ன, ஆள் பார்க்கிற இடத்துக்கு ஊத்தைக் காதோட வாறதா?"

கேத்தில்

டொக்டர் குடுத்த மருந்தில் சீழ் நின்றது. வீக்கம் முழுசா வத்துறதுக்கு முந்தி, அவ கெஞ்சினதுக்கு இரங்கி அச்செடுத்தேன். பிழை என்ரதான். வீக்கம் வத்தினதும் பாதை அகண்டு, அச்சு ஆடத் தொடங்கிட்டுது. காதுக்கும் அச்சுக்கும் இடையில் இடைவெளி இருந்தால் கருவி விசிலடிக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அது அடிச்சிருக்கு. அக்கா வந்து கருவியை என்ர மேசையில் வைச்சா. "சாமியார் பிரசங்கத்தை நிப்பாட்டிப்போட்டு, யார் வீட்டுத் தண்ணிக் கேத்தில் கொதிக்குது என்று கேட்டார், தம்பி."

நூல் கட்டின பஞ்சு

சீழ் திரும்பவும் வந்தது, ஒப்பரேஷன் செய்தார்கள். பழுதான எலும்பைச் சுரண்டி, பாதையின் பின்சுவரையும் எடுத்துவிட்டதால் ஒடுங்கின வழி இப்ப குழிவான பெரிய அறை. காது காய்ஞ்சிட்டுது, அச்செடுக்கலாம் என்று டொக்டர் கடிதம் தந்திருந்தார். ஆனால் பசை அந்த அறைக்குள் போய் இறுகினால் திரும்பவும் ஒப்பரேஷன்தான். அவவுக்குக் கேட்கிற காதே இது ஒன்றுதான்!

பசை உள்ளே போகாமல் மறிக்க, நூல் கட்டின பஞ்சை ஒவ்வொன்றா உள்ளே அடைச்சேன். வேர்த்துக் கொட்டினது. அக்கா சுவர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கிறா. "துடிக்கிற மீனையே நான் வெட்டுறன், நீ ஒரு பசைமாவுக்குப் பயப்படுறாய்."

பசையை விட்டு, இறுகினதும் இழுத்தேன், அச்சு முழுசா வந்தது. எனக்கு அழுகையே வந்திட்டுது.

முன்வரிசை

திருவிழா முடிஞ்ச மறுநாள், பை நிறையப் பாரை மீனோட அக்கா வந்தா. முன்வரிசையில், டீச்சருக்குப் பக்கத்தில் நின்று பாடினாவாம். முகத்தில் சந்தோசத்தைக் காணேல்லை. என்ன அக்கா, விசில் அடிச்சதோ என்று பயந்து கேட்டேன். கதிரையை இழுத்துக் கிட்டப்போட்டுக்கொண்டா. "இவ்வளவு நாளும் சுருதி பிசகினது நானில்லை தம்பி, டீச்சர்தான். பாவம், அவவுக்கும் கேட்குதில்லை. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாறன்."

சொன்னபடியே டீச்சர் வந்தா, காதைக் குடைஞ்சு, மரியாதைக்கு எண்ணெயும் விட்டுக்கொண்டு.