குசினிக்கு வந்து கேட்கட்டும்

ஒவ்வொரு காலையும் அருங்காட்சியகத்தின் பின்கதவில் காவலாளி என்னை அப்பாவின் பெயர் சொல்லி வரவேற்கிறார். "பொன்ஜூர், மதுமுவசெல் கந்தப்போடி." பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், கைநாட்டு வைத்தே வாழ்ந்து முடித்த மனிதரின் பெயர் மொன்ட்ரியாலின் பளிங்குத் தளத்தில் தினமும் ஒருமுறை ஒலிக்கிறது. வந்த புதிதில், அது அப்பாவின் பெயர், என் பெயர் தவமணி என்று விளக்கிப் பார்த்தேன். அவர் அன்போடு தலையாட்டிவிட்டு, உங்கள் அப்பாவும் இங்கேதான் வேலை செய்கிறாரா என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன். எங்கள் மட்டக்களப்பில் ஒருத்தி யார் என்று அறிய "என்ன குடி?" என்றுதான் கேட்பார்கள். குடி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் அப்படியே, தாயிடமிருந்து மகளுக்கு. இங்கே, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் சிவம் அண்ணை யாழ்ப்பாணத்தவர். இதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு.

"அப்ப உங்கட ஊரில ஆம்பிளையளுக்கு என்ன வேலை, தங்கச்சி?"

"கேட்டுட்டு நிக்கிறதுதான், அண்ணன்."

எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். பேராதனையில் தொல்லியல் படித்துக்கொண்டிருக்கும்போது நாடு எரிந்தது; மீதிப் படிப்பை இங்கே பிரெஞ்சு மொழியில் முடித்தேன். அருங்காட்சியகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, மெலனீசியத் தீவுகளின் சேகரிப்புக்குப் பொறுப்பான பேராசிரியர் என்னைப் பானை ஓடு கழுவும் தொட்டியின் முன் நிறுத்தினார். கழுவியதைத் தூக்கிப் பார்த்து, தண்ணீர் கலங்கல், மறுபடி கழுவுங்கள் என்பார். என்னோடு சேர்ந்த இரண்டு ஆண் மாணவர்களும் தொட்டிப் பக்கமே வந்ததில்லை. விருந்தினர் வந்தால் அவர்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவார். என்னை, "இவர் எங்கள் அகதிப்பெண்" என்பார். அந்தச் சொல்லை நான் கழுவி உலர்த்திப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பப்புவா நியூகினியின் நியூ அயர்லாந்துத் தீவுக்கு எங்களை அகழாய்வுக்குக் கூட்டிப்போனார். கடற்கரைக் கிராமம். போய் இறங்கியதும் அவரும் மாணவர்களும் ஆண்களின் கூடத்துக்கு அனுமதி கேட்கப் புறப்பட்டார்கள். நானும் எழுந்தேன்.

"நீங்கள் பெண்களோடு சமையல் குடிலில் இருங்கள். உங்களுக்குப் பழக்கமான இடம்தானே."

அந்தக் குசினியில்தான் ரோஸ் இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஊரை அதட்டுகிறவள். என் கையில் பாக்கும் சுண்ணாம்பும் வைத்தாள். அம்மாவின் வாய் ஞாபகத்தோடு மென்றேன். அந்தத் தீவுகளின் கலப்பு மொழியான பிஜினில் அரைகுறையாக நாங்கள் கதைத்தோம். அவள் கேட்ட முதல் கேள்வியே, உன் தாய் எந்த வம்சம் என்பதுதான். குடியின் பெயரைச் சொன்னேன். எங்களுக்கும் அப்படித்தான், நிலம் பெண்வழி, ஆண்கள் எங்களுக்காக வாய் திறப்பவர்கள் மட்டும் என்று மற்றப் பெண்களுக்கும் சொல்லிச் சிரித்தாள். அந்த நேரம் பேராசிரியர் அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் அவ்வழியே வந்தார். ரோஸ் அவருக்கும் ஒரு பாக்கை நீட்டினாள். அவர் தன் வெள்ளைப் பற்களைத் தொட்டுக் காட்டி, "மெர்சி" என்று கையசைத்துவிட்டுப் போய்விட்டார். ரோஸ் பாக்கைத் திரும்பக் கூடைக்குள் போட்டாள். சம்பந்தம் பேச வந்தவர், நாம் நீட்டிய தட்டில் வெற்றிலை எடுக்காவிட்டால் எங்கள் ஊரில் என்ன அர்த்தமோ, உறவு வேண்டாம் என்ற அதே அர்த்தம்தான் அந்தக் கூடைக்குள் விழுந்தது.

அகழ்குழியில் சீப்புப் பல்லால் பதித்ததுபோன்ற கோலமுள்ள பானை ஓடுகள் தலைகாட்டத் தொடங்கிய காலை, குழியின் விளிம்பில் ஒரு கம்பு நட்டிருந்தது. அதில் முடிச்சிட்ட சிவப்பு இலை. அந்த இலை கட்டிய இடத்துக்குள் யாரும் கால்வைக்கக் கூடாது. ஆண்கள் நிலத்தைப் பார்த்தபடி, நாங்கள் சம்மதித்தோம், பெண்கள் சம்மதிக்கவில்லை என்றார்கள். பேராசிரியர் பணம் தருவதாகச் சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் குசினி வாசலில் நின்றார். ரோஸ் சொன்னதை என் ஊர்த் தமிழில்தான் எழுத வருகிறது: "நம்மட நிலத்த அவனுகள்ட்டக் கேட்டா என்ன, தென்னமரத்திட்டக் கேட்டா என்ன? இந்தப் புள்ள நம்மட பாக்க வாங்கிச்சி. தோண்டுறதெண்டா இவள் தோண்டட்டும். அந்தாள் மண் அரிக்கட்டும்."

ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் பிரெஞ்சில் சொன்னேன்.

அன்று முதல் குழிக்குள் நான். அரிதட்டோடு வெயிலில் அவர். பானையில் பதித்த ஒரு மனித முகம், மூக்கும் கண்களுமாக, என் கொத்துக் கரண்டி முனையில் மண்ணை விட்டு எழுந்தது. கழுவக் கொடுத்தேன். கழுவிக்கொண்டு வந்தார். தூக்கிப் பார்த்தேன். "தண்ணீர் கலங்கல், முசியே. மறுபடி கழுவுங்கள்."

மொன்ட்ரியால் திரும்பியதும் கண்காட்சி வைத்தார்கள். கண்ணாடிப் பேழைக்குள் அந்த முகம். பக்கத்தில் அதைக் கையில் ஏந்தி அவர் சிரிக்கும் படம். கீழே கண்டெடுத்தவர் என்று அவர் பெயர் மட்டும். கேட்டேன். எல்லாம் கூட்டு வேலைதானே, மதுமுவசெல் என்றார். நான் காத்திருந்தேன். அடுத்த பருவத்துக்கு அதே குழிக்குப் போக அவருக்கு ரோஸின் சொல் வேண்டும். ரோஸோ, அந்தப் புள்ள வழியாக வந்தால்தான் கேட்பேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். போன கிழமை அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"தவமணி," என்றார். அவர் வாயில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. ரோஸுக்கு ஒரு வரி எழுத முடியுமா என்று கேட்டார்.

"எழுத மாட்டேன். நீங்கள் அந்தக் குசினிக்குப் போய், பாயில் உட்கார்ந்து, பாக்கு மென்று, பெண்களின் முன் கேட்க வேண்டும். அதற்கு முதல் பேழையில் யார் தோண்டியது என்று மாற்றுங்கள். மாற்றினால் உங்களோடு வருவேன்."

"இது பழிவாங்கல்."

"வீ, முசியே," என்று ஒத்துக்கொண்டேன்.

வன்மம் பிடித்தவள் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அம்மாவுக்கும் எழுத வராது. கசெட்டில் பேசி அனுப்புவா. சென்ற கசெட்டில் சேவல் கூவும் சத்தத்துக்கு நடுவே சொன்னா: "நம்மட ஊட்ட நம்மளக் கேக்காமப் புடிச்சிட்டானுகள், மகள். உன்ட அறைக்குள்ள துவக்கு அடுக்கியிருக்கானுகள்." எனக்கென்று அம்மா கட்டிய வீட்டில் ஆமி துப்பாக்கியோடு குடியிருக்கிறது. இப்போது அவ தன் தங்கச்சி வீட்டில் இருக்கிறா. ஆமிக்காரனைக் குசினிப் பாயில் உட்காரவைத்து, கேள் என்று சொல்ல என்னால் முடியாது. உட்காரவைக்க முடிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் உட்காரட்டும்.

பேழையில் இன்னும் பேராசிரியரின் பெயர்தான். ரோஸ் தந்தனுப்பிய சிவப்பு இலையை விமான நிலையத்தில் பறித்துவிட்டார்கள். அதனால் பழைய சீலையில் ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்து, எங்கள் வீட்டின் வெளிப்புற இரும்புப் படியில் முடிச்சிட்டேன். "என்ன தங்கச்சி, கோயில் நேர்த்தியோ?" என்றார் சிவம் அண்ணை. ஓம் என்றேன். பனியில் அது விறைத்து, கை நீட்டியதுபோல நிற்கிறது. இதைக் கட்ட வேண்டிய எங்கள் ஊர் வாசலில் துவக்கோடு ஒருவன் நிற்கிறான். இதற்குக் கட்டுப்படும் மண்ணோ கடல் கடந்து கிடக்கிறது. இங்கே, வாடகைப் படியில், தபால்காரர் அதைக் கையால் விலக்கிவிட்டு, கேட்காமலே ஏறி வருகிறார்.