காய்ச்சல் ஏற்றாத தட்டு

ஐரின் அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தும் எழுதுகிறேன். அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. நடந்ததை முழுதாகத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு பேரும் வேலை பார்க்கிறோம். ஐரின் அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது, வீடு காக்ஸ் டவுனில். பத்தொன்பது வருடமாக அவர் செய்வது ஒரே வேலை: மனித நுரையீரல் செல்களை வளர்ப்பது. படிப்பு பி.எஸ்சி.தான். ஆனால் வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர்கள்கூட, "ஐரின் மேடம், என் செல்லெல்லாம் செத்துப்போச்சு, ஒரு தடவ வந்து பாருங்களேன்" என்று அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் யாரையும் திட்டமாட்டார். "சத்துநீர் மாத்தினீங்களா? எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்பார்.

எதையும் மணியோடு எழுதி வைப்பது அவர் வழக்கம். அதற்கென்று ஒரு நோட்டு உண்டு. எந்தத் தட்டை யார் எடுத்தார்கள், எத்தனை நிமிடம் வெளியே இருந்தது, மூடி திறந்திருந்ததா, எல்லாம் அதில் இருக்கும். "அதான் கம்ப்யூட்டர்ல ஏறுதே, இது எதுக்குக்கா வெட்டி வேல?" என்று ஒருமுறை கேட்டேன். "யாரு தும்மினாங்கன்னு கம்ப்யூட்டர் எழுதுமா?" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

என் பெயர் தமயந்தி. குடியாத்தத்துக்காரி, வயது இருபத்தொன்பது, கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு பிஜி விடுதியில் இருக்கிறேன். அக்கா வளர்த்துத் தரும் செல்களில் ஃப்ளூ வைரஸை விட்டு, அவை என்ன செய்கின்றன என்று அளப்பது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்ன கொஞ்சம், நல்ல நீளம்.

அந்தச் செல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனில் எடுத்த நுரையீரலில் மிச்சமாகும் துண்டை, நோயாளியிடம் சம்மதம் வாங்கி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவார்கள். அதில் மூச்சுக்குழாயின் உள்பக்கத்துச் செல்களைப் பிரித்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் வளர்ப்போம். அடியில் சத்துநீர், மேலே வெறும் காற்று, நம் நெஞ்சுக்குள் இருக்கிற மாதிரியே. நாலு வாரத்தில் அவற்றுக்கு நுண்ணிய மயிர்கள் முளைத்து, எல்லாம் ஒரே பக்கமாக அசைந்து சளியைத் தள்ளும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கண்ணை எடுக்க மனசு வராது.

ஃப்ளூ புகுந்த செல் என்ன செய்யும் தெரியுமா? பக்கத்துச் செல்லுக்குச் சொல்லும். இன்டர்ஃபெரான் என்ற ஒரு பொருளை வெளியே விடும். அது பட்ட செல்கள், வைரஸ் வந்தாலும் பெருக முடியாதபடி தங்களைத் தயார் செய்துகொள்ளும். சொன்ன செல் பெரும்பாலும் செத்துப்போகும். வைரஸும் சும்மா விடாது, அந்தச் சேதி போகாமல் அமுக்கத்தான் பார்க்கும். சேதி எவ்வளவு போகிறது என்று நான் அளக்கிறேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைரஸ் விடாத தட்டு ஒன்றையும் பக்கத்திலேயே வளர்ப்போம். கன்ட்ரோல் தட்டு என்று பெயர். அதில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அவர் கணவர் ஆம்ப்ரோஸ் அங்கிள் ஆஸ்டின் டவுனில் ஒரு ஷெட்டில் இருபத்தாறு வருடம் காருக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர், அதுவும் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல். நுரையீரலில் பாதிகூட வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காதும் சரியாகக் கேட்காது. "குடியாத்தம் வந்தாச்சு, காயெல்லாம் ஒளிச்சு வை" என்று கேரம் போர்டை எடுத்துப் போடுவார். எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆடுவோம், அவர் காதுக்கருகே குனிந்து கத்திக் கத்திச் சண்டை போடுவேன்.

அந்த வீட்டுக்குள் சளி, இருமலோடு யாரும் நுழைய முடியாது. அக்கா கேட்டிலேயே நிறுத்தி விசாரிப்பார். கோயில் ஃபாதரையே, "தும்மல் இருந்தா அடுத்த வாரம் வாங்க ஃபாதர்" என்று திருப்பி அனுப்பியவர். என்னை மட்டும் கேட்டதில்லை. "நீ இந்த வேலையே பாக்குறவ, உனக்குத் தெரியாதா" என்பார்.

போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை கன்ட்ரோல் தட்டின் அளவு வந்தது. பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வைரஸ் விட்ட தட்டில் எவ்வளவு கூச்சலோ அவ்வளவு கூச்சல் இதிலும். நாலு வார உழைப்பு மண்ணாய்ப் போயிற்று! நேராகச் செல் அறைக் கதவைத் திறந்து, வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினேன்.

"தட்ட மாத்தி வச்சுட்டீங்களாக்கா? பத்தொம்பது வருஷமா பண்ற வேலதானே இது!"

அக்கா கையில் இருந்ததை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் மாத்தல தமயந்தி."

"அப்போ என்ன, அதுங்களுக்கே காய்ச்சல் வந்துருச்சா?"

"வந்திருக்கும். எந்த வைரஸ்னு பாரு."

என் சத்தம் கேட்டு எங்கள் தலைவர் ஸ்ரீகண்டன் சார் வந்துவிட்டார். "ஸ்வல்ப, கொஞ்சம் மெதுவா பேசும்மா. அவங்க சொல்றது சரிதான், டெஸ்ட் பண்ணு" என்றார். முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. நாங்கள் லேபில் வைத்திருப்பது எச்1என்1 வகை ஃப்ளூ. கன்ட்ரோல் தட்டில் இருந்தது எச்3என்2. அந்த வகை எங்களிடம் ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஊரில் அப்போது பரவிக்கொண்டிருந்த காய்ச்சல் அது. யாரோ ஒரு ஆளின் மூச்சிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அக்கா நோட்டைப் புரட்டினார். நிதானமாகப் படித்தார். "திங்கக்கிழம, காலைல ஒம்பது நாப்பது. கன்ட்ரோல் தட்டு, மைக்ராஸ்கோப். மூடி தெறந்து நாலு நிமிஷம். தமயந்தி."

அய்யோ! ஞாபகம் வந்துவிட்டது. மூடியில் நீராவி படிந்து செல் மங்கலாகத் தெரியும், அதனால் திறந்தேன். மாஸ்க் போட்டால் என் மூக்குக்கண்ணாடியும் மங்கும், அதனால் அதைத் தாடைக்கு இறக்கினேன். "எப்படி ஆடுதுங்க பாருங்கக்கா" என்று அதன்மேல் குனிந்து வாய் ஓயாமல் பேசினேன். எங்கள் லேபில் எல்லாரும் செய்கிற தப்புதான். வைரஸ் உள்ள தட்டென்றால் உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிக்கொள்வோம். சுத்தமான தட்டிடம் என்ன பயம்? நம்மிடமிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது.

எங்கள் இரண்டு பேர் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்கள். அக்காவுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது. லேபில் வருடா வருடம் போடும் ஃப்ளூ ஊசியை அக்கா தவறாமல் போட்டுக்கொள்வார். நான் அந்த வருடம் கைவலிக்குப் பயந்து நழுவியிருந்தேன்.

கத்தினதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா அதை நினைக்கவே இல்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "ஞாயித்துக்கிழம" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் முதலில் வந்தது இருமல், பிறகுதான் அங்கிள் குரல். "காலையிலேருந்து கொஞ்சம் காய்ச்சல் மாதிரி இருக்கு, ஒண்ணுமில்ல, நீ வேலைய பாரு." அக்கா போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"தமயந்தி, உனக்கு எப்போலேருந்து?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "சனிக்கிழமையிலேருந்து தொண்ட கரகரன்னு இருந்துச்சுக்கா. ஒரு மாத்திர போட்டேன்."

"ஏன் சொல்லல?"

"வர வேணாம்னு சொல்லிடுவீங்களேன்னு... மீன் கொழம்புன்னு சொல்லியிருந்தீங்க."

என் வாயிலிருந்து வந்ததை நானே நம்ப முடியாமல் நின்றேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு போன் பண்ணியிருந்தா டிபன்ல போட்டு நானே கொண்டாந்து குடுத்திருப்பேனே."

கண்ணுக்குத் தெரியாத ஒரு செல், தான் சாகப்போகிற நேரத்திலும் பக்கத்துச் செல்லுக்குச் சொல்லிவிடுகிறது. அதை அளந்து மாதாமாதம் சம்பளம் வாங்குகிற நான் மீன் குழம்புக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். தூ!

அன்றைக்கே அங்கிளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஃப்ளூவுக்கான மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். தட்டு காட்டிக்கொடுக்காவிட்டால் சாதாரண இருமல் என்று இரண்டு நாள் போயிருக்கும், ஆளே போயிருப்பார் என்றார் டாக்டர். அப்படியும் ஆறு நாள் ஐசியுவில் இருந்தார். பிழைத்தார். ஆனால் இனி வீட்டிலும் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆன பிறகு அக்கா போன் செய்தார். "வார்டுக்கு மாத்திட்டாங்க. நீ வந்து சொல்லு. எப்படி வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. அவர்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். உனக்குப் பதிலா உண்மையும் சொல்ல மாட்டேன்."

மதியம் மூன்று மணிக்குப் போனேன். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அங்கிள் முகம் மலர்ந்தது. கட்டிலில் கிடந்தபடியே விரலைச் சுண்டிக் காட்டினார், கேரம் ஆடலாமா என்று. நான் காதருகே மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை. தலையை ஆட்டி, சத்தமாகச் சொல் என்றார். அக்காவைப் பார்த்தேன். அவர் நகரவில்லை. எட்டுக் கட்டில் உள்ள அந்த வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்திச் சொன்னேன். "என்கிட்டேருந்துதான் வந்துச்சு அங்கிள்! தொண்ட சரியில்லன்னு தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன்!"

அவர் சிரித்த முகம் சிரித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கையால் மாஸ்க்கை விலக்கினார். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"நான் உனக்கு என்னம்மா பண்ணேன்?"

அவர் மூச்சுக்குத் திணற ஆரம்பித்ததும் ஐரின் அக்கா என்னைத் தாண்டிக் கையை நீட்டி, மாஸ்க்கை மறுபடி அவர் மூக்கில் வைத்தார்.