எட்டு மூலைக்கும் நாற்பத்தாறு குவளை

பிரேசில் நாட்டில் ஒரு பந்தாட்டக்காரனின் தாயைப் பணத்துக்காகக் கடத்திக்கொண்டு போனார்கள். அதனால் ரங்கூன் லான்மடாவில், நான்காம் மாடியில், என் மனைவி சாப்பாட்டைக் குறைத்தாள். இரண்டு ஊருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று உலகப் படத்தில் நூலை வைத்து அளந்து பார்த்தேன். கடலும் மலையும் சேர்த்துப் பத்தாயிரம் மைல் வந்தது.

பிழை என்னுடையதுதான். செய்தியை வாய்விட்டு வாசித்திருக்கக் கூடாது.

எங்கள் தெருவில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழ் நுனியில் கவ்வி, மேல் நுனியில் மணி. பேப்பர்காரன் பேப்பரைக் கவ்வியில் மாட்டிக் கயிற்றை இழுப்பான்; மணி அடித்ததும் நாம் தூக்கிக்கொள்ள வேண்டியது. எழுபத்திரண்டு படி ஏறி இறங்குவது மிச்சம். செவ்வாய்தோறும் வரும் பந்தாட்ட இதழைக் கீழ்வீட்டு டாக்சிக்காரன் வாங்கிப் படித்துவிட்டு அந்தக் கயிற்றில்தான் எனக்கு அனுப்புவான். தமிழ்ப் பையன். பையன் என்றாலும் நாற்பது வயதுக்காரன். என்னை மாமா என்றும் என் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவான். பந்தாட்டத்தில் பந்தயம் கட்டுவான், பெரும்பாலும் தோற்பான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இதழைத் தூக்கி, முதல் பக்கத்துப் பர்மிய எழுத்தைத் தமிழில் மாற்றி உரக்கப் படித்தேன். உறவினர் வீட்டு விருந்துக்குப் போன இடத்தில் இரண்டு பேர் துப்பாக்கியோடு நுழைந்து, அந்தத் தாயை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலை நிமிர்ந்தாள்.

“எந்த ஊருங்க?”

“பிரேசில்.”

“நம்ம புள்ள கப்பல் போச்சே, அந்த பிரேசிலா?”

“உலகத்துல ஒரே பிரேசில்தான் இருக்கு.”

எங்களுக்கு ஒரே மகன். கப்பலில் வேலை. நான்கு மாதத்துக்கு முன் பிரேசில் துறைமுகம் ஒன்றிலிருந்து, முனைக் கடைப் போனுக்குக் கூப்பிட்டு மூன்று நிமிடம் பேசினான். வெயில் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது, ஒரு அம்மா கடையில் சோறும் பயறும் கிடைக்கிறது, வயிறு நிறைகிறது என்றான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் எண்ணுவதில்லை, எண்ணுகிற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஊர்ல ஒரு தாய் நம்ம புள்ளைக்குச் சோறு போட்டிருக்கா. அந்த ஊர்த் தாய்க்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருக்கறதா?” என்றாள்.

“சோறு போட்டவ கடைக்காரி. இவ பந்தாட்டக்காரன் அம்மா. அது எத்தனை கோடிப் பேர் இருக்கற நாடு தெரியுமா?”

“உங்ககிட்ட யார் கணக்கு கேட்டா?”

அன்று சாயங்காலமே தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். கடத்தப்பட்ட அந்த அம்மா வீடு திரும்பும்வரை நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். அவளுக்குச் சர்க்கரை வியாதி. மூன்று வேளை மாத்திரை. மூன்றும் சாப்பாட்டோடு போட வேண்டியவை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மூன்று மாத்திரையை எப்படிப் பங்கு வைப்பது? கிளினிக்கிலிருந்த பெண் டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னைத் திட்டினார். திட்டை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு வார்த்தை குறையாமல் ஒப்பித்தேன். பயன் இல்லை.

பன்னிரண்டாம் நாள் தலை சுற்றித் தண்ணீர்ப் பானைமேல் சாய்ந்தாள். பானை உடையவில்லை, அவளும் உடையவில்லை. அவளைப் படுக்கவைத்தேன். தேநீர்க்கடைக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு, எழுபத்திரண்டு படியும் ஏறி வந்து, மூச்சு வாங்கப் பொய் சொன்னேன்.

“விட்டுட்டாங்களாம்!”

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தபோது பொய் நல்லதுதான் என்று பட்டது. அப்புறம் கேள்வி வந்தது.

“எங்க விட்டாங்களாம்?”

“பஸ் நிலையத்துல.”

“வந்ததும் என்ன சாப்பிட்டாளாம்?”

“சோறும் பயறும்.”

“மகன் பாத்ததும் என்ன செஞ்சானாம்?”

இதற்கு நான் தயாராக இல்லை. வெள்ளைக்கார நடைமுறையாக இருக்கட்டும் என்று, “கை குலுக்கினானாம்” என்றேன்.

கையிலிருந்த கரண்டியை அவள் கீழே வைத்தாள். “பெத்தவளைப் பாத்து எந்தப் புள்ள கை குலுக்குவான்? உங்களுக்குப் பொய் சொல்ல வயசும் போதல, வாயும் போதல.”

முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் மூட்டை எண்ணியவன் நான். மூட்டை இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. இல்லாத மூட்டையை இருக்கிறதென்று எழுதிப் பழக்கமில்லை. அந்தப் பொய்க்குத் தண்டனையாக விரதத்தில் ஒரு விதி கூடியது. இனி யார் சொன்னாலும் நம்ப மாட்டாள். தாயும் மகனும் சேர்ந்து நிற்கும் படத்தைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டாம் வேளை.

இதற்கிடையே அந்தத் தாய் பேரில் கோயிலில் அர்ச்சனை செய்யப் போனோம். ஐயர் நட்சத்திரம் கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் ஐயரைப் பார்த்தேன். கடைசியில் அவர் சாமி பேருக்கே செய்துகொடுத்தார். அவளுக்கு மனம் ஆறவில்லை. “பகோடாவுல தண்ணி ஊத்திடலாம். அங்க நட்சத்திரம் கேக்க மாட்டாங்க” என்றாள்.

கேட்கமாட்டார்கள்தான். ஆனால் கிழமை வேண்டும். பகோடா என்கிற புத்தர் கோயிலில், பர்மாக்காரர்கள் தாங்கள் பிறந்த கிழமைக்கு உரிய மூலையில் இருக்கும் புத்தர் சிலைக்கு, வயதுக்கு ஒரு குவளை, அதற்கு மேல் ஒன்று என்று தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் ஆட்களும் ஊற்றுவதுண்டு. அந்தத் தாய் பிறந்த கிழமை எந்தப் பத்திரிகையிலும் இல்லை. வயதிலும் தகராறு, ஓர் இதழ் நாற்பத்திரண்டு என்றது, இன்னொன்று நாற்பத்தைந்து என்றது. குறைந்து போவதைவிடக் கூடிப் போவது நல்லது என்று நாற்பத்தைந்தை எடுத்தேன். மேலே ஒன்று. நாற்பத்தாறு. புதன்கிழமையைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரிப்பதால் மூலை மொத்தம் எட்டு. எட்டு மூலையிலும் ஊற்றிவிட்டால் ஏதாவது ஒன்று அவளுடையதாக இருந்துதானே ஆக வேண்டும்? முந்நூற்று அறுபத்தெட்டுக் குவளை.

“நானே ஊத்தறேன்” என்றாள்.

“நீ நாலாவது குவளையிலயே விழுந்துடுவ. நான் போறேன்.”

தீக்குச்சிகளை இடது பையில் போட்டுக்கொண்டு போனேன். ஒரு குவளைக்கு ஒரு குச்சி வலது பைக்கு மாறும். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று மூலையும் சுத்தமாக முடிந்தன. புதன் காலை மூலையில் பூ விற்கிற அம்மாள் மாமா முறை வைத்துப் பர்மிய மொழியில் கேட்டாள்.

“ஊ லே, போன மூலையிலயும் உங்களைப் பாத்தேனே. ஒரு ஆள் எத்தனை கிழமையில பொறப்பார்?”

விஷயத்தைச் சொன்னேன். சொன்னது அடுத்த பிழை. பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த இளவட்டம் ஒருவன் எழுந்து, “அந்த ஆட்டக்காரன் அம்மாவுக்கா?” என்று ஒரு குவளையை எடுத்துக்கொண்டான். அவன் இரண்டு பேரைக் கூப்பிட்டான். சற்று நேரத்தில், வாசலில் சவாரி இறக்க வந்த எங்கள் டாக்சிக்காரனும் வந்து சேர்ந்தான். தாயைத் தேடும் அந்த மகன் ஆடாததால் அவன் அணி தோற்கிறது. அணி தோற்பதால் இவர்கள் பந்தயம் தோற்கிறது. அவ்வளவு பக்தியோடு தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

“தள்ளுங்க மாமா, கை வலிக்கப் போவுது. அந்தம்மா இந்த வாரம் வரலேன்னா நான் டாக்சிய வித்துட்டு சைக்கா ரிக்‌ஷா மிதிக்கணும்.”

“ஊத்து. ஆனா எண்ணி ஊத்து. இதுவரைக்கும் எத்தனை?”

“யார் மாமா எண்ணினா?”

“எண்ணாம ஊத்தினது செல்லாது.”

“தண்ணி விழுந்தாச்சே!”

“விழலாம். கணக்குல வராது.”

அவர்கள் ஊற்றியதையெல்லாம் தள்ளிவிட்டு, அந்த மூலையை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். வெயில் தலைக்கு மேல் வந்தபோது எட்டும் முடிந்தன. அன்று முதல் வலது தோளைத் தூக்க முடியவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, வெளிநாட்டு வானொலியில் சொன்னார்கள். விட்டுவிட்டார்கள். தாய் நலமாக இருக்கிறாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“இந்தா! நெசமாவே விட்டுட்டாங்க!”

“பஸ் நிலையத்துலயா?” என்றாள் அவள், அரிசியைக் களைந்தபடி.

“ரேடியோவுல சொன்னான்மா!”

“ரேடியோவுல படம் வருமா?”

அடுத்த இதழ் செவ்வாய்க்கிழமை. இன்னும் நான்கு நாள். பிரேசிலில் அந்தத் தாய் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். லான்மடாவில் இவள் பட்டினி கிடப்பாள். நான் சொன்ன ஒரே ஒரு பொய்க்கு இந்த விலை. அதற்கு முந்தின இரவு அவள் எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்திருந்தேன். அவளுடைய காலடி ஒவ்வொன்றுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியும்.

பெரிய தெருவில் அப்போதுதான் இன்டர்நெட் கடை ஒன்று வந்திருந்தது. போய் உட்கார்ந்தேன். கடைப்பெண் ஏதேதோ சுற்றுவழியில் நுழைந்து செய்தியைப் பிடித்தாள். படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. முதலில் ஒரு கூரை. வெகு நேரம் கூரை. பிறகு இரண்டு தலை முடி. நெற்றி வந்தது. மின்சாரம் போயிற்று.

“அபோ, நாளைக்கு வாங்களேன்” என்றாள் அந்தப் பெண். தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“நாளைக்கு முடியாதும்மா. வீட்டுல ஒருத்தி சாப்பிடல.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெளியே போய் ஜெனரேட்டரை இழுத்துவிட்டாள். மறுபடி கூரையிலிருந்து ஆரம்பம். மூக்கு வந்தது, தோள் வந்தது, முழங்கை வந்தது. ஒன்றேகால் மணி நேரம். செய்தியில் தாயின் வயது நாற்பத்து மூன்று என்று போட்டிருந்தது, குறித்துக்கொண்டேன். கருப்பு வெள்ளையில் அச்செடுத்துக் கொடுத்தாள். மை குறைந்த மிஷின்.

எழுபத்திரண்டு படி. அவள் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

“இது என்னங்க, அடுப்புக்கரி அப்பினாப்ல இருக்கு? இதுல தாய் எது, மகன் எது?”

“சின்னதா இருக்கறது தாய்.”

“யாரோ ரெண்டு பேரு. கடையில கேட்டு வாங்கிட்டு வந்திருப்பீங்க.”

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து படத்தின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“ஏங்க, இங்க பாருங்க. இவன் கையை.”

பார்த்தேன். மகன் தாயின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். நெரிசலான சாலையைக் கடக்கும்போது சிறுபிள்ளையைப் பிடிப்பதுபோல, ஐந்து விரலும் சுற்றி.

“விடவே மாட்டேங்கறான் பாருங்க,” என்றாள். “இது நெசம்தான்.”

நானே தட்டை எடுத்துச் சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். அவள் மெல்லச் சாப்பிட்டாள். எட்டாவது கவளத்துக்கு மேல் நான் எண்ணவில்லை. மாத்திரையும் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகுதான் கணக்கைச் சொன்னேன். வயது நாற்பத்து மூன்று என்றால் மூலைக்கு நாற்பத்து நான்கு போதும். மூலைக்கு இரண்டு வீதம் எட்டு மூலைக்கும் பதினாறு குவளை கூடுதலாக ஊற்றியிருக்கிறேன்.

“வீணா ஒண்ணும் போவல. அந்தப் பதினாறு நம்ம புள்ளைக்குன்னு வச்சுக்குங்க” என்றாள்.

“அது எப்படி? அவன் பொறந்தது வியாழன். வியாழன் மூலையில விழுந்தது ரெண்டுதான். மத்த பதினாலும் வேற கிழமைக்காரங்களுக்குப் போயிடுச்சே.”

அவள் கை கழுவப் போனாள். சுவரைப் பிடிக்காமல் போனாள்.

மகனுக்கு அப்போது இருபத்தேழு வயது. மேலே ஒன்று, இருபத்தெட்டு. ஊற்றியது இரண்டு. மறுநாள் காலை இருபத்தாறு தீக்குச்சிகளை எண்ணி இடது பையில் போட்டுக்கொண்டு, வலிக்கிற தோளோடு பகோடாவுக்குக் கிளம்பினேன். டாக்சிக்காரன் தெருவில் நின்று, “நானும் வர்றேன் மாமா” என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.