மூன்று வீட்டிலும் அதே கதிரை

வீட்டு வசதிக் கணக்கெடுப்புக்குப் போனபோது எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது, கண்ணால் பார்த்ததைத்தான் பதிய வேண்டும் என்று. கூரை, தரை, கதிரை, மின்விசிறி, டீவி. இவற்றை வைத்துத்தான் எந்தப் பகுதி எவ்வளவு வசதி என்று ஒப்பிடுவார்கள். உதவிப்பணம் யாருக்கு என்பதும் அதிலிருந்துதான்.

முதல் வாரம் நகரத்துப் பக்கம், அம்பிட்டியவில். மாடி வீட்டுக்காரர்கள் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, எதைக் கேட்டாலும் இல்லை என்றார்கள். உள்ளே இருப்பதை நான் எங்கே பார்த்தேன்? சொன்னதைப் பதிந்துகொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் முதல் வீட்டில் ஓர் அக்கா. கணவர் தேயிலை மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்தார். அவள் ஒருத்தி கொழுந்து பறித்துத்தான் வீட்டிலுள்ள நான்கு பேரும் சாப்பிட வேண்டும். என்னைக் கைப்பிடி கருகிய ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, மின்விசிறியைப் போட்டு, தங்கக் கரை போட்ட கோப்பையில் தேநீர் தந்தாள்.

"இதெல்லாம் உங்களதாக்கா?"

கணவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களதுதான் மிஸ், குடிங்க" என்றாள்.

கையிலிருந்த டேப்லெட்டில் பதிந்து அங்கேயே அனுப்பிவிட்டேன். அனுப்பியதைத் திருத்த முடியாது.

இரண்டாவது வீட்டில் நான் கவனிக்கவில்லை. மூன்றாவது வீட்டிலும் அதே கருகிய கைப்பிடி. அதே மின்விசிறி. அதே கோப்பை, கழுவிய ஈரம்கூடக் காயவில்லை.

யாராவது ஒரு வீட்டுக்கு வந்தால் லயத்திலுள்ள நல்ல சாமான் எல்லாம் பின்வாசல் வழியாக அந்த வீட்டுக்குப் போகும். வந்தவரை வெறுந்தரையில் உட்கார வைக்கக் கூடாதே. நானும் லயத்தில் பிறந்தவள்தான். சின்ன வயதில் தலையில் கதிரை சுமந்து ஓடியிருக்கிறேன். அதை மறக்க எனக்கு என்ன கேடு?

மேலதிகாரிக்கு போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். "பாத்ததத்தானே போட்டீங்க? அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

உதவிப்பணப் பட்டியல் வந்தது. அக்காவின் பெயர் இல்லை. அம்பிட்டிய மாடி வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் இருந்தார்கள். மேன்முறையீட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

என்னைக் கண்டதும் அவள் பின்பக்கமாக ஓடினாள். வேண்டாம் அக்கா என்று நான் கத்துவதற்குள் அந்தக் கதிரையோடு வந்துவிட்டாள்.

"மொதல்ல ஒக்காருங்க மிஸ்."

உட்கார்ந்தேன். சாமான்கள் தன்னுடையவை அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விளக்கினேன். அவள் படுக்கைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அன்னைக்கு பொய் சொன்னேன்னு எழுதணுமா?"

காரணம் என்ற இடத்தில், கணக்கெடுத்தவரின் தவறு என்று நானே எழுதி, என் பெயரையும் போட்டேன். அடுத்த கணக்கெடுப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. அவள் பெயர் இன்னும் பட்டியலில் வரவில்லை.